வளவு வெள்ளமும் கிணற்று நீரும்

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் நாரந்தனையில் ஆண்டுதோறும் ஒரு முறைப்பாடு எழுகின்றது. முற்றத்தில் வெள்ளம் வடியவில்லை என்பர் சிலர். அடுக்களைச் சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்புப் பூச்சு உதிர்கின்றது என்பர் வேறு சிலர். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அகப்பட்ட பக்கமெல்லாம் கால்வாய் வெட்டி, வெள்ளத்தை ஒழுங்கைக்குத் தள்ளிவிட்டு ஆறுதல் அடைவர். மாரி கழிகின்றது, பங்குனியும் சித்திரையும் போகின்றன, ஆனி, ஆடி வெயில் காய்கின்றது. அப்பொழுது அதே வீட்டார் வேறொரு முறைப்பாட்டோடு நிற்கின்றனர். கிணற்று நீர் சவர்த்துவிட்டது; குடிநீருக்குப் பவுசர் வரும் வழி பார்த்துக் குடத்தோடு காத்திருக்க வேண்டியிருக்கின்றது.

கார்த்திகையில் நீர் மிகுந்த துன்பம்; ஆடியில் நீர் குறைந்த துன்பம். இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றே பலரும் கருதுகின்றனர். ஆயின், தீவக நிலத்தின் இயல்பை ஆராய்ந்து பார்ப்போர்க்கு இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே பிழையின் இரு விளைவுகள் என்பது புலனாகும். வீட்டுச் சுவரை விட்டு விலக்க வேண்டிய நீரை வளவை விட்டே விரட்டிவிடுதல்தான் அப்பிழை.

நாரந்தனை அமைந்திருக்கும் வேலணைத்தீவு நாற்புறமும் கடலால் சூழப்பட்டது. கடல்மட்டத்துக்கு மேல் மிகச் சிறிதளவே உயர்ந்த சமநிலம். இங்கே ஆறு இல்லை, மலை இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே இத்தீவும் சுண்ணாம்புக்கற் படையின் மீது கிடக்கின்றது. அதன் மேல் இருப்பது மெல்லிய மண்போர்வையே. யாழ்ப்பாணப் பகுதியில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,250 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய 50 அங்குல மழை பெய்கின்றது. அதில் பெரும்பங்கு ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடுகின்றது. எஞ்சிய ஒன்பது மாதங்களுக்கும் இத்தீவினர் குடிப்பதும் குளிப்பதும் பயிருக்கு இறைப்பதும் பெரும்பாலும் அந்த மூன்று மாதத்துச் சேமிப்பைக் கொண்டேயாம்.

அச்சேமிப்பு நிலத்தின் அடியில் விந்தையானதொரு முறையில் இருக்கின்றது. மழைநீர் மண்ணூடாகவும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகவும் இறங்குகின்றது. கீழே கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீர் ஏற்கெனவே உண்டு. நன்னீர் உவர்நீரைவிடச் சற்று இலேசானது. ஆதலின் நன்னீர் அதன்மேல், நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும், ஒரு வில்லையைப்போல மிதக்கின்றது. நிலத்தடி நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்திருப்பின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது அறிவியலார் கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் அச்சந் தருவது. மேலே ஓர் அங்குலம் குறையுமாயின், கீழேயிருந்து நாற்பது அங்குலம் அளவுக்கு உவர் மேலேற வழி பிறக்கின்றது. நிலத்தின் தன்மைக்கேற்ப இடத்துக்கிடம் இக்கணக்கு மாறுபடினும் அடிப்படை உண்மை அதுவே. புத்தூருக்கு அண்மையில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் இனிப்பதும் ஆழத்து நீர் கரிப்பதும் குடாநாட்டார் அறிந்த செய்தி. நாரந்தனையின் ஒவ்வொரு கிணற்றுக்குக் கீழும் ஒரு சிறு நிலாவரை இருக்கின்றது எனலாம். நீர் வற்றுகின்றதே என்று கிணற்றை மேலும் ஆழமாக்குவோர் பலர் உவரையே தேடிப் போகின்றனர்.

முற்காலத்து மக்கள் இந்த அறிவியலைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்லர். எனினும் அதற்கு இசைந்தே வாழ்ந்தனர். வீட்டின் அத்திவாரத்தை உயர்த்திக் கட்டினர். முற்றத்துக்கு மணல் பரப்பி, வாசலில் இருந்து வெளிநோக்கிச் சரித்தனர். வளவைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் கதிகாலாக நட்டு, பனையோலையால் வேலி அடைத்தனர். வேலி காற்றையும் கண்ணையும் மறித்ததேயன்றி வெள்ளத்தை மறிக்கவில்லை. மிகுந்த நீர் கதிகால்களின் இடுக்கால் மெல்லக் கசிந்து, அடுத்த வளவின் பனந்தோப்பைக் கடந்து, ஊர்க்குளத்துக்கோ துரவுக்கோ சென்றது. செல்லும் வழியெல்லாம் நிலத்துக்குள் சுவறியது. தாழ்ந்த நிலம் எது, நீரோடும் பாதை எது என்பதை ஊரில் முதியோர் அறிந்திருந்தனர். அங்கே எவரும் வீடு கட்டத் துணிவதில்லை.

1990 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் போரின் காரணமாகத் தீவக மக்கள் மிகப் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். ஆளில்லாத ஊரில் குளங்கள் தூர்ந்தன. வாய்க்கால்களைப் பற்றை மூடியது. ஆண்டுகள் பல கழித்து மீண்டு வந்தோர் புதிய வீடுகளைக் கட்டினர். நீர்வழி அறிந்த முதியோர் பலர் அப்பொழுது ஊரில் இல்லை. ஓலைவேலி இருந்த இடத்தில் சீமெந்து மதில் எழுந்தது. மணல் முற்றத்தில் கொங்கிரீற்றுத் தளம் படிந்தது. வீதிகள் செப்பனிடப்படும்போதெல்லாம் சற்றே உயர, வளவுகள் தாழ்ந்து கிண்ணம்போல் ஆயின. 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசம்பரில் புரெவிப் புயலும் யாழ்ப்பாண மாவட்டத்தில் பெருவெள்ளம் கொணர்ந்தபொழுது, மறிக்கப்பட்ட நீர்வழிகளின் விளைவு பல ஊர்களிலும் வெளிப்பட்டது.

வெள்ளம் தேங்குவதால் வீட்டுக்கு வரும் கேடு சிறிதன்று. அத்திவாரத்தை அண்டி நிற்கும் நீர் அதன்கீழ் உள்ள மண்ணை இளக்குகின்றது. ஒரு மூலை சற்றே தாழ்ந்தாலும் சுவரில் வெடிப்புத் தோன்றும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சுவரின் நுண்துளைகளூடாக ஈரம் மேலேறுகின்றது. தீவகத்து மண்ணில் உப்பு உண்டு. ஈரத்தோடு அதுவும் ஏறி, ஈரம் உலர்ந்ததும் வெண்பொடியாகப் பூத்து, பூச்சை உதிர்க்கின்றது. ஆண்டுக்கொரு முறை பூச்சைப் புதுப்பிப்பவர் நோயை விட்டு அடையாளத்துக்கு மருந்து பூசுபவரே ஆவர். இவற்றினும் கொடியது வேறொன்று: தேங்கிய வெள்ளம் மலசலகூடக் குழியை நிரப்பி, அதன் அழுக்கைக் கிணற்றுக்குக் கொண்டுசெல்லக்கூடும். சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் நீர் வடிகட்டப்படாமலே ஓடிவிடும் என்பதை இங்கு மறத்தலாகாது.

ஆதலின் திருத்த வேலையைத் தொடங்குமுன் நோய் அறிதல் வேண்டும். இதற்கு ஏற்ற காலம் மழை கொட்டும் நேரமே. குடையொன்றைப் பிடித்துக்கொண்டு வளவை ஒருமுறை சுற்றி வருபவர், வெயிற்காலத்தில் பத்து மேசன்மாரை அழைத்துக் கேட்டாலும் அறிய முடியாதவற்றை அறிவார். கூரைநீர் எங்கே விழுகின்றது? முற்றத்து நீர் எப்பக்கம் நகர்கின்றது? எங்கே நின்றுவிடுகின்றது? ஒழுங்கையிலிருந்து நீர் உள்ளே வருகின்றதா, உள்ளிருந்து வெளியே போகின்றதா? நீர் நிற்கும் எல்லையில் சிறு முளைகளை அறைந்து வைத்தால், மழை விட்ட பின்னரும் அடையாளம் இருக்கும். மழை ஓய்ந்து ஒரு நாளில் நீர் வற்றிவிடுமாயின் பெருங்குறை இல்லை. மூன்று நான்கு நாள் நிற்குமாயின் திருத்தம் வேண்டும்.

அடுத்து நிலத்தின் சரிவை அளத்தல் வேண்டும். கண்ணளவு இங்கே உதவாது. சமநிலம்போல் தோன்றுவது வீட்டை நோக்கிச் சரிந்திருத்தல் கூடும். மேசன்மார் கையாளும் நீர்மட்டக் குழாய் ஒன்றே போதும். ஒளிபுகும் குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையைச் சுவரோரம் நட்ட தடியிலும் மறு முனையைப் பத்தடி அப்பால் நட்ட தடியிலும் பிடித்தால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அம்மட்டத்தைத் தடிகளிற் குறித்து, குறியிலிருந்து நிலம்வரை அளக்க வேண்டும். அப்பால் நட்ட தடியின் அளவு ஆறு அங்குலம் மிகுந்திருந்தால் சரிவு நன்று. இரண்டும் ஒத்திருந்தால் நிலம் மட்டம். சுவரோரத்து அளவே மிகுந்திருந்தால் நிலம் வீட்டை நோக்கிச் சரிகின்றது. துன்பத்தின் காரணம் அதுவே.

திருத்தம் கூரையிலிருந்து தொடங்குதல் முறை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 2,360 லீற்றர். பீலி இல்லாத வீட்டில் இவ்வளவும் தாழ்வாரத்தின் கீழ், அத்திவாரத்தின் அருகில், ஒரு கோடுபோல் விழுந்து பள்ளம் பறிக்கின்றது. பீலி கட்டி அந்நீரைக் குழாய் வழியே தொட்டியில் சேர்ப்பாராயின் சுவரும் காக்கப்படும், குடிநீரும் கிடைக்கும். ஆண்டு முழுதும் அத்தகைய கூரையொன்றில் விழும் நீர் ஓர் இலட்சம் லீற்றருக்கும் மேல் என்றால், அதன் பெறுமதி விளங்கும். மாரியின் முதல் மழைநீரில் தூசியும் பறவை எச்சமும் கலந்திருக்குமாதலால் அதனைத் தொட்டியிற் சேர்க்காது விலக்குதல் வேண்டும். தொட்டியை நுளம்பு புகாதவாறு மூடி வைத்தல் வேண்டும். தொட்டி நிரம்பி வழியும் நீருக்கும் வீட்டை விட்டு விலகிய ஒரு வழி அமைத்தல் வேண்டும்.

இரண்டாவது, வீட்டைச் சுற்றிய சரிவு. சுவரிலிருந்து முதற் பத்தடிக்குள் ஆறு அங்குலம் தாழ்வது மண் முற்றத்துக்கு ஏற்ற சரிவு. சீமெந்துத் தளமாயின் அடிக்குக் கால் அங்குலம் போதும். இச்சரிவுக்கு மண் இட்டு நிரப்பும்போது வெறும் மணலை இடுவோர் உண்டு. மணல் நீரைத் தடுப்பதில்லை. மேலே காய்ந்தது போலத் தோன்றி, அடியில் நீரை நேரே அத்திவாரத்துக்கு இறக்கிவிடும். ஆதலின் சுவரோரத்தில் இறுகும் தன்மையுள்ள மண்ணை ஆறு ஆறு அங்குலப் படைகளாக இட்டு, ஒவ்வொரு படையையும் நன்கு இடித்து இறுக்கி, மேலே மட்டும் மெல்லிய மணற்படை பரப்புவது நன்று. மண்ணை உயர்த்தும்போது வீட்டின் உள்நிலமட்டத்துக்கு நெருங்க உயர்த்தலும் தவறு. வெளிமண் எப்பொழுதும் உள்நிலத்துக்கு அரை அடியாயினும் கீழே நிற்றல் வேண்டும். இல்லையேல் ஈரமும் கறையானும் எளிதில் உட்புகும்.

மூன்றாவது, சரிந்து வந்த நீரை ஏற்று நடத்தும் வாய்க்கால். இது ஆழமாக வெட்டப்படும் கால்வாய் அன்று. அகன்று, ஆழம் குறைந்து, புல் வளர்ந்த ஒரு பள்ளக்கோடு. குழந்தைகள் ஓடினாலும் கால் இடறாத அளவினது. எட்டடிக்கு ஓர் அங்குலம் சரிவு இதற்குப் போதும். சரிவு மிகுந்தால் நீர் விரைந்தோடி மண்ணை அரிக்கும். ஓடுகின்ற நீர் சுவறவும் மாட்டாது. மெல்ல நடக்கும் நீரே நிலத்துக்குள் இறங்கும்.

நான்காவதே இத்திருத்தத்தின் உயிர்நிலை. வாய்க்காலின் முடிவில் நீரை ஒழுங்கைக்கு விடாமல், வளவின் தாழ்ந்த மூலையில் ஒரு பரந்த குழிவில் விடுதல் வேண்டும். ஓர் அடிக்கு மேற்படாத ஆழமும், இயன்ற அளவு அகலமும் கொண்ட குழிவு அது. வாழையோ தென்னையோ அதன் ஓரத்தில் நன்கு வளரும். அங்கே நீர் நின்று, மண்ணால் வடிகட்டப்பட்டு, கிணற்றை ஊட்டும் நன்னீர் வில்லையோடு சேரும். ஒரு பரப்பு நிலம் ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஒரே நாளில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த ஒரு பரப்பில் விழும் நீர் 12,000 லீற்றருக்கு மேல். இரண்டு பரப்பு வளவுக்காரர் அன்று ஒழுங்கைக்குத் தள்ளிவிடும் நீர், பின்னர் விலைகொடுத்து வாங்கும் பவுசர் நீரைவிடப் பன்மடங்கு ஆகும்.

குழிவுக்கு இடந் தேரும்போது சில விலக்குகள் உண்டு. அது வீட்டுச் சுவருக்குப் பத்தடிக்குள் இருத்தலாகாது. மலசலகூடக் குழிக்கு அருகிலும் மாட்டுத்தொழுவின் கழிவு சேரும் பக்கத்திலும் இருத்தலாகாது. கிணற்றுக்கு மிக அருகே ஆழ்குழி வெட்டி முற்றத்து வெள்ளத்தை இறக்குவதும், அதனினும் கேடாகக் கிணற்றுக்குள்ளேயே வாய்க்காலைத் திருப்புவதும் முற்றாக விலக்கத்தக்கவை. வடிகட்டும் மண்ணைத் தாண்டி வெடிப்புக்குள் இறங்கும் அழுக்கு நீர் குடிநீரையே கெடுத்துவிடும். கிணற்றைச் சுற்றிச் சீமெந்துக் கட்டு உயர்ந்து, வெளிப்புறம் சரிந்திருத்தலும் இதன்பொருட்டே. நிலம் நீரை எவ்வளவு விரைவில் உறிஞ்சும் என்பதை அறிய, ஓரடி ஆழக் குழியொன்றில் நீர் ஊற்றி, அது இறங்கியதும் மறுமுறை நிரப்பிப் பார்த்தல் வேண்டும். இரண்டாம் முறை ஊற்றியது ஒரு நாளுக்குள் வற்றினால் அவ்விடம் ஏற்றது.

ஒன்றை மட்டும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். மார்கழியில் நிலத்தடி நீர்மட்டமே மேலேறி நிலத்தை முட்டி நிற்கும் நாட்கள் உண்டு. அப்பொழுது எந்தக் குழிவும் நீரை உறிஞ்சாது. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் வார்க்க இயலாதன்றோ! அத்தகைய நாட்களில் மிகுந்த நீர் வழிந்து செல்லும் வாயொன்று குழிவுக்கு வேண்டும். அவ்வாய் ஊர்வாய்க்காலையோ குளத்தையோ நோக்கி அமைதல் வேண்டும். முதல் மழையை நிலத்துக்குக் கொடுத்து, நிலம் போதும் என்று சொன்ன பின் எஞ்சியதை ஊர்க்குளத்துக்குக் கொடுப்பதே முறை.

இங்கே அயலவர் பற்றிய கேள்வி வருகின்றது. ஒருவர் தம் வளவை இரண்டடி உயர்த்தி மதிலும் கட்டினால், அவர் முற்றம் காயும். அடுத்தவர் அடுக்களை மூழ்கும். அடுத்தவரும் உயர்த்துவார். இப்போட்டியில் கடைசியாக நிற்பவர் மண் நிரப்பப் பணமில்லாத ஏழையே. இயற்கையாக ஓடிவரும் நீரைத் தாழ்நிலத்தார் ஏற்க வேண்டும் என்றும், மேல்நிலத்தார் அதனைச் செயற்கையாகப் பெருக்கித் தாழ்நிலத்தாருக்குக் கேடு செய்யலாகாது என்றும் இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம் கொள்ளுகின்றது. ஆயினும் நீருக்காக நீதிமன்றம் ஏறுவதைவிட, மதிலின் அடியில் சில துவாரங்கள் விடுவது எளிது. பழைய வேலியின் இடுக்குகள் செய்த வேலையை அத்துவாரங்கள் செய்யும். ஓர் ஒழுங்கையின் இருமருங்கும் உள்ள வீட்டார் ஒன்றுகூடி, புரட்டாதியில் ஒரு நாளை ஒதுக்கி, தங்கள் ஒழுங்கை வாய்க்காலையும் அது சேரும் குளத்தின் வாயையும் துப்புரவாக்குவராயின், கார்த்திகையில் எவரும் எவரையும் நோக வேண்டியதில்லை. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் என்ற முதுமொழிக்கு ஊரளவில் பொருள் இதுவே.

இவ்வெண்ணம் ஒரு வளவுக்கு மட்டும் உரியதன்று. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த, ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று பெயர்பெற்ற திட்டத்தின் அடிப்படையும் கடலுக்கு வீணே ஓடும் மாரிநீரை மறித்துக் குடாநாட்டின் நிலத்துக்கு ஊட்டுவதே. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அரசின் பெருந்திட்டங்கள் பல்லாண்டு காத்திருக்கலாம். சட்டங்கள் ஏட்டளவில் நின்றுவிடவும் கூடும். இரண்டு பரப்பு வளவின் சரிவைத் திருத்துவதற்கோ வீட்டுக்காரர் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நீர்மட்டக் குழாய், இரண்டு மண்வெட்டி, ஒரு வாரத்து உழைப்பு ஆகியவையே அதற்கு வேண்டுவன.

ஒரு வளவுக்காரர் தேக்கும் நீர் அவர் கிணற்றுக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. நிலத்தடியில் மதில் இல்லை. அங்கே எல்லாக் கிணறுகளும் ஒரே நன்னீர் வில்லையில்தான் மொள்ளுகின்றன. ஒருவர் வெளியே தள்ளும் நீர் ஊருக்கு நட்டம். ஒருவர் சுவறவிடும் நீர் ஊருக்கு ஊதியம். வீட்டைச் சுற்றி ஆறு அங்குலச் சரிவும், கோடிப்புறத்தில் வாழை நின்ற ஒரு குழிவும் உள்ள வளவுகள் நாரந்தனையில் பெருகப் பெருக, கார்த்திகையில் சுவர் உலர்ந்திருக்கும். ஆடியில் பவுசரை எதிர்பார்த்து நிற்கும் குடங்களும் குறையும்.